உட்துறைமுக வீதியில் ஒரு மணித்தியாலம்

நிஷாந்தினி திருகோணமலை பஸ் நிலையத்தில் இறங்கியபோது காலை ஏழு மணிகூட ஆகவில்லை. கப்பலில் ஏற மூன்று மணிக்குத்தான் வரச் சொல்லியிருந்தார்கள். இடையில் கிடந்த எட்டு மணித்தியாலத்தில் எங்கெங்கே போவது, எங்கே எவ்வளவு நேரம் நிற்பது என்று ஒரு மாதத்துக்கு முதலே தாளில் எழுதிக் கைப்பைக்குள் வைத்திருந்தாள்.

அவள் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் பதினாறு வருடமாக வேலை செய்கிறவள். எதையும் கண்ணால் பார்த்து, அளந்து, கேட்டு அறிந்தால்தான் அவளுக்கு நித்திரை வரும். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் ஏழு விதமான சூடு என்று சொல்கிறார்களே, அது உண்மைதானா என்று பார்க்க ஒரு வெப்பமானியைக்கூடத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

இந்தப் பயணம் லண்டனில் இருக்கும் அவளுடைய அண்ணனின் ஏற்பாடு. தன் இருபத்தைந்தாவது கல்யாண நாளில் எல்லாரையும் ஒரே இடத்தில் சேர்த்துப் பார்க்க அவர் ஆசைப்பட்டார். மண்டபம் வேண்டாம், கப்பல் என்றார். கொழும்பில் புறப்பட்டு இலங்கையைச் சுற்றிவரும் உல்லாசக் கப்பல். அண்ணன் குடும்பம் கொழும்பிலேயே ஏறிவிட்டது. நிஷாந்தினியும் கணவன் ரிஷிகேசனும் பன்னிரண்டு வயது மகள் யதுஷாவும் திருகோணமலையில் ஏறவேண்டும். அடுத்த நாள் காலையில் கப்பல் காங்கேசன்துறைக்குப் போகும்போது ரிஷிகேசனின் அக்கா கஜந்தி அங்கே ஏறுவாள்.

தாளில் எழுதியதை ரிஷிகேசனுக்கு வாசித்துக் காட்டியபோது அவன் ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை. உட்துறைமுக வீதிப் பக்கம் தனக்கு ஒரு மணித்தியாலம் வேண்டும் என்று மட்டும் கேட்டான். எதற்கு என்று கேட்டதற்கு, சின்ன அலுவல் ஒன்று என்றான். அதற்கு மேல் அவன் வாயிலிருந்து எதுவும் வரவில்லை. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தன். வாய்க்காலில் தண்ணீர் அளந்து விடுவதுபோல்தான் கதையும் அளந்து விடுவான். நிஷாந்தினி தாளின் அடியில் ‘சின்ன அலுவல்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டாள்.

பஸ் நிலையத்துக்கு வெளியே அவர்களுக்கு ஓட்டோ ஒன்று அமைந்தது. ஓட்டியவர் பெயர் பாயிஸ். கிண்ணியாக்காரர், ஐம்பது வயதிருக்கும். பின்னேரம் வரை கூடவே நிற்கிறேன், பயணப்பெட்டிகளும் வண்டியிலேயே கிடக்கட்டும் என்றார்.

முதலில் கன்னியா. சனம் வரத் தொடங்கியிருந்த நேரம். சதுரமாகக் கட்டிய சின்னச் சின்னக் கிணறுகள், எட்டிக் கை விடக்கூடிய ஆழத்தில் தண்ணீர். வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள், கயிற்றில் வெப்பமானியைக் கட்டி இறக்கும் பெண்ணை விநோதமாகப் பார்த்தார்கள். யதுஷா ஒவ்வொரு எண்ணாகக் கொப்பியில் எழுதினாள். ஏழும் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆனால் இதற்கும் அதற்கும் ஒரு பாகை, ஒன்றரைப் பாகைதான் வித்தியாசம். குளித்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் எந்தக் கிணறு கூடச் சூடு என்று கேட்டு, சொன்னவுடன் தன் வாளியைத் தூக்கிக்கொண்டு அந்தக் கிணற்றுக்கு மாறிப் போனார். அன்று முழுவதும் அதை நினைத்து நினைத்து யதுஷா சிரித்தாள்.

அங்கிருந்து கோணேசர் கோயிலுக்குப் போனார்கள். கோட்டை வாசலைத் தாண்டி ஏறும் வழியெல்லாம் மான்கள் ஆடுமாடுபோல நின்றன. வழியில் நிஷாந்தினி பாயிஸிடம் துறைமுகம் எவ்வளவு ஆழம் என்று கேட்டாள். “கயிறு விட்டுப் பார்க்கல்ல தங்கச்சி. எவ்வளவு பெரிய கப்பலும் வந்து நிக்கும், அது மட்டும் தெரியும்” என்றார் அவர்.

சாமி கும்பிட்டு வெளியே வந்து, மலை விளிம்பில் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் கப்பலைக் கண்டார்கள். தெற்கே, வெயில் பட்டு மின்னும் கடலில், வெள்ளையாக, அசைவதே தெரியாமல் வந்துகொண்டிருந்தது. அலுமாரியைச் சரித்துப் படுக்க வைத்தது போல இருக்கிறது என்றாள் யதுஷா. ரிஷிகேசன் அதையே கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அப்ப வந்தது இதில காவாசிகூட இருக்காது” என்றான், யாருக்கும் சொல்வதுபோல இல்லாமல்.

நிஷாந்தினி அதைப் பிடித்துக்கொண்டாள். எப்போது வந்தது, எந்தக் கப்பல் என்று கேட்டாள். அவன் படியிறங்கத் தொடங்கினான். அவளும் விடவில்லை. கோட்டைக்குள் ஒரு பெரிய மரத்தின் கீழே யதுஷா மான்குட்டியைப் படம் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், உட்துறைமுக வீதியில் என்ன அலுவல் என்று திரும்பவும் கேட்டாள்.

அவன் செருப்பால் மண்ணைக் கிளறினான். “அக்கான்ர சைக்கிள் ஒண்டு இருந்ததெல்லோ” என்றான்.

அந்தச் சைக்கிளை யாருக்குத்தான் தெரியாது. ரிஷிகேசனின் குடும்பத்தில் கல்யாணமோ சாமத்தியவீடோ எது நடந்தாலும், சாப்பாடு முடிந்து கதிரைகளை வட்டமாக இழுத்துப் போட்டவுடன் அந்தக் கதை வந்துவிடும். இரண்டாயிரத்து ஏழு. யாழ்ப்பாணத்துக்கான தரைப்பாதை பூட்டியிருந்த காலம், போக்குவரத்தெல்லாம் கப்பலில்தான். திருகோணமலையில் மூன்று மாதப் பயிற்சிக்கு வந்த தம்பிக்கு, கஜந்தி தான் புதிதாக வாங்கிய சைக்கிளைக் கொடுத்து அனுப்பினாள். அவன் திரும்பி வரும்போது சோதனைச் சாவடியில் நின்றவர்கள் அதைப் பறித்துவிட்டார்கள். அந்த நாளில் யாழ்ப்பாணத்தில் காசை வைத்துக்கொண்டு நின்றாலும் புதுச் சைக்கிள் கிடைக்காது. ஒன்றரை வருடம் கஜந்தி மூன்று மைல் நடந்து பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போனாள். இதுதான் கதை. போகப் போக அது வளர்ந்தும் இருந்தது. கடைசியாகக் கேட்டபோது சாவடியில் மூன்று பேர் நின்றார்கள், ரிஷிகேசன் அவர்களோடு வாக்குவாதப்பட்டிருந்தான். ஒவ்வொரு முறையும் கதை தொடங்கியவுடன் அவன் எழும்பிக் குசினிக்குத் தண்ணீர் குடிக்கப் போவதை நிஷாந்தினி கவனித்திருக்கிறாள். பழைய நோவு, கேட்க ஏலாமல் போகிறான் என்று நினைத்திருந்தாள்.

“ஒருத்தரும் பறிக்கேல்லை, நிஷா” என்றான் அவன். “நான்தான் விட்டிட்டு ஓடினனான்.”

பிறகு மெல்ல மெல்ல எல்லாம் வந்தது. பயிற்சி முடிந்து, கப்பலில் இடம் கேட்டுப் பதிந்து, மூன்று கிழமையாகக் காத்துக்கொண்டிருந்தான். ஒருநாள் பகல் சைக்கிளின் பின்சில்லுக் காற்றுப் போய்விட, உட்துறைமுக வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு கடையில் ஒட்டக் கொடுத்துவிட்டு, எதிரே தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றான். கூடத் தங்கியிருந்த பொடியன் ஒருவன் ஓடிவந்து, பெயர் வந்துவிட்டது, உடனே போகவேண்டும் என்றான். கடைக்காரரைப் பார்த்து, கப்பலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று கத்திவிட்டு, அறைக்கு ஓடிப் பையைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்விட்டான்.

“திரும்பிப் போய் எடுக்க நேரம் இருந்தது. பத்து நிமிசம் போதும். கப்பலை விட்டிடுவனோ எண்ட பயத்தில போகேல்லை. உள்ளுக்குப் போனாப் பிறகு நாலு மணித்தியாலம் சும்மா கொட்டிலுக்குள்ள இருத்தி வைச்சாங்கள். வெளியில வர ஏலாது.”

வீட்டு வாசலில் அக்கா முதல் கேட்ட கேள்வி, சைக்கிள் எங்கே என்பதுதான். சாவடியில் வைத்துக்கொண்டார்கள் என்று வாயில் வந்துவிட்டது. சொன்னால் யாரும் சந்தேகப்படாத காலம். ஒரு கிழமையில் உண்மையைச் சொல்லலாம் என்று இருந்தான். அது ஒரு மாதமாகி, ஒரு வருடமாகி, பதினெட்டு வருடம் ஆகிவிட்டது.

நிஷாந்தினிக்குக் கோபம் வந்தது. அந்தக் கதையை அவளே ஆய்வுகூடத்தில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள். ஆனால் கோபத்தைவிட முந்திக்கொண்டு வேறொன்று வந்து நின்றது.

“அப்ப அந்தச் சைக்கிளுக்கு என்ன நடந்தது?”

“அதைத்தான் பார்க்கவேணும்” என்றான் ரிஷிகேசன். “நாளைக்கு அக்கா ஏறுறதுக்கு முன்னம்.”

மதியம் கடலோரமாக ஒரு கடையில் சோறு சாப்பிட்டுவிட்டு, நூதனசாலையைத் தாளிலிருந்து வெட்டிவிட்டு, தேடத் தொடங்கினார்கள். கடையின் பெயர் அவனுக்குத் தெரியாது. கடைக்காரர் பெயரும் தெரியாது. தகரக் கூரை, வாசலில் கயிற்றில் கோர்த்துத் தொங்கவிட்ட பழைய டயர்கள், எந்த நேரமும் பாடிக்கொண்டிருக்கும் ஒரு ரேடியோ, அவ்வளவுதான் ஞாபகம். விஷயத்தைக் கேட்ட பாயிஸுக்கு அவர்களைவிட அவசரம் பிடித்துவிட்டது. தன் வீட்டுப் பொருள் காணாமல் போனதுபோல, தெருவில் கண்ட ஆட்களையெல்லாம் நிறுத்தி விசாரித்தார். முதலில் ஒரு சைக்கிள் கடைக்குக் கூட்டிப்போனார். ரிஷிகேசன் வாசலிலேயே தலையாட்டினான், இது இல்லை. இரண்டாவது இடத்தில் கடையே இல்லை, வங்கியின் பணம் எடுக்கும் இயந்திரம் நின்றது. மீன் வாங்கிக்கொண்டு போன ஒரு வயதானவர்தான், பம்ப் தம்பியின் கடையைக் கேட்கிறீர்களா, அது இப்போது அவருடைய மகளின் போட்டோக் கொப்பிக் கடை என்று கைகாட்டினார்.

இரண்டு ஒழுங்கை தள்ளி அந்தக் கடை இருந்தது. தகரக் கூரை போய்க் கொங்கிறீட் வந்திருந்தது. வாசலில் டயர்களுக்குப் பதிலாகப் பள்ளிக்கூடப் பைகள் தொங்கின. உள்ளே முப்பது வயது தாண்டிய பெண் ஒருத்தி, தலையில் பர்தாவோடு, இயந்திரத்துக்குள் தாள் அடுக்கிக்கொண்டிருந்தாள். பாயிஸ்தான் சலாம் சொல்லிப் பேச்சைத் தொடங்கினார். இவர் பதினெட்டு வருடத்துக்கு முதல் இங்கே ஒரு சைக்கிளை ஒட்டக் கொடுத்தவராம் என்றார்.

அவள் கையிலிருந்த தாள்களை வைத்துவிட்டு ரிஷிகேசனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

“கஜந்திட ஆளா நீங்க?” என்று கேட்டாள்.

யதுஷா, தன் மாமியின் பெயர் இவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டாள். அப்போதுதான் ரிஷிகேசனுக்கும் நினைவு வந்தது. களவு போகாமல் இருக்க, அக்கா சிவப்பு நகப்பூச்சால் செயின் கவரில் தன் பெயரை எழுதியிருந்தாள்.

அந்தப் பெண்ணின் பெயர் சனூஸா. பம்ப் தம்பி என்கிற முஹம்மது தம்பியின் மூத்த மகள். கடைக்குள் கிடந்த மூன்று கதிரைகளையும் இழுத்துப் போட்டு அவர்களை இருத்தினாள். இந்த ஒழுங்கை முழுவதும் அந்தச் சைக்கிளைக் கஜந்தி என்றுதான் சொல்வார்கள் என்றாள். கஜந்தியை எடுத்துக்கொண்டு போய்ப் பாண் வாங்கி வா, கஜந்திக்குக் காற்று அடி, மழை வருகிறது கஜந்தியை உள்ளே எடு. அது ஒரு பெண்ணின் சைக்கிள், கொண்டுவந்ததோ ஒரு பொடியன். அதனால் வாப்பாவும் உம்மாவும் அக்கம்பக்கமும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். கஜந்தி அந்தப் பொடியன் கட்ட இருந்த பெண். கப்பலில் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். இல்லை, விட்டுவிட்டுப் போய்விட்டான். இந்த இரண்டில் எது என்பதில் மட்டும்தான் அவர்களுக்குள் பிணக்கு.

ரிஷிகேசன் வெட்கத்தோடு, அது தன் அக்கா என்றான். சனூஸா வாயில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள்.

வாப்பா கிண்ணியாவில் என் தங்கையோடு இருக்கிறார், காதுதான் கொஞ்சம் மந்தம் என்று சொல்லி அவருக்குத் தொலைபேசி எடுத்தாள். சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தாள். இரண்டு முறை உரத்துச் சொன்ன பிறகு அவருக்கு விளங்கியது. பிறகு, சலாம் எதுவும் இல்லாமல், நேற்று விட்ட இடத்திலிருந்து தொடங்குவதுபோலப் பேசினார்.

“பின்சில்லு தம்பி. சின்ன முள்ளுத்தான். நீங்க ஓடின கையோட ஒட்டிட்டன். உருட்டிக்கொண்டு துறைமுகத்துக்கு வந்தன். உள்ள விடமாட்டன் எண்டுட்டாங்க. கப்பல் போறமட்டும் வெளியில நிண்டனான்.”

ரிஷிகேசன் மேசையைப் பார்த்தபடி இருந்தான். தான் கொட்டிலுக்குள் இருந்த அந்த நாலு மணித்தியாலமும் சைக்கிள் துறைமுக வாசலுக்கு வெளியேதான் நின்றிருக்கிறது. மன்னிக்கவேணும் ஐயா என்று சொல்ல வாய் திறந்தான். அவரோ மறுபக்கத்தில் தன்பாட்டில் பேசிக்கொண்டு போனார். பொருளுக்கு உரியவன் வருவான் என்று இரண்டு வருடம் அதைத் தொடவே இல்லை. பிறகு சனூஸாவுக்குத் தூரப் பள்ளிக்கூடம் கிடைத்தது, வேறு வழியில்லாமல் அவளிடம் கொடுத்தார். அவளுக்குப் பிறகு தங்கச்சி அதை ஓட்டினாள். அதற்கும் பிறகு தம்பலகாமத்தில் வயல் செய்யும் ஒரு சொந்தக்காரிக்குப் போனது. அங்கே ஒருநாள் வேலியோரம் சாத்தியிருந்த நேரம் யானை வந்து மிதித்துவிட்டது.

“ஆளுக்கு ஒண்டுமில்ல, அல்ஹம்துலில்லாஹ். கஜந்திதான் போயிட்டா” என்றார்.

யதுஷாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கிழவருக்கும் அது கேட்டிருக்க வேண்டும், அவரும் சிரித்தார். கடைசியாக ரிஷிகேசன் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தான். அதற்கு அவர், உங்கட அக்காவிடம் சொல்லுங்கள், பதினோரு வருடம் ஓடிய சைக்கிள், ஒருநாளும் வெயிலில் விட்டதில்லை என்றார்.

சனூஸா தன் கைத்தொலைபேசியில் வெகுநேரம் தேடி ஒரு படத்தை எடுத்துக் காட்டினாள். வெள்ளைச் சீருடையும் வெள்ளைப் பர்தாவுமாகப் பதினேழு வயதுச் சனூஸா ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு சைக்கிளில் இருக்கிறாள். செயின் கவரில், மங்கிய சிவப்பில், சரிவான எழுத்தில், கஜந்தி. நிஷாந்தினி படத்தைப் பெரிதாக்கி அந்த எழுத்தையே பார்த்தாள். மச்சாளின் ‘ஜ’ இப்போதும் அப்படித்தான் இருக்கும். படத்தை ரிஷிகேசனின் தொலைபேசிக்கு அனுப்பச் சொல்லி, இலக்கங்களையும் மாற்றிக்கொண்டார்கள். பாயிஸ் வெளியில் ஹோர்ன் அடித்தார். இரண்டரை தாண்டிவிட்டது.

துறைமுகத்தில் கப்பலைப் பக்கத்திலே வந்து பார்த்தபோது அது மலையிலிருந்து பார்த்த கப்பலாகவே இல்லை. கழுத்தை முழுவதும் நிமிர்த்தினாலும் உச்சி தெரியவில்லை. பெட்டிகளைக் கொடுத்துவிட்டு வரிசையில் நின்றபோது நிஷாந்தினி, இப்போதே அக்காவுக்கு எடுத்துச் சொல்லுங்கள் என்றாள். நாளை நேரில் சொல்லலாம் என்றான் அவன். நாளை அண்ணன் குடும்பமும் இருக்கும், திரும்பவும் கதிரையை வட்டமாகப் போட்டால் நீங்கள் எழும்பித் தண்ணீர் குடிக்கத்தான் போவீர்கள் என்றாள் அவள். அவன் வரிசையை விட்டு விலகி, ஒரு தூணோரமாக நின்று எடுத்தான்.

அவள் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் பேசினான், நிறுத்தினான், திரும்பவும் பேசினான். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டு மட்டும் நின்றான். திரும்பி வந்தபோது முகம் வெளிறியிருந்தது. அக்கா என்ன சொன்னாள் என்று கேட்டாள்.

“அந்தச் சாவடியில நிண்டவையை ஒன்றரை வருசம் ஒவ்வொரு நாளும் திட்டிக்கொண்டு நடந்தனான், செய்யாத ஆக்களையெல்லோ திட்டியிருக்கிறன் எண்டு சொல்லிப்போட்டு அக்கா போனை வைச்சிட்டா.”

நிஷாந்தினி அவன் கையிலிருந்த தொலைபேசியை வாங்கி, அந்தப் படத்தையும் சனூஸாவின் இலக்கத்தையும் மச்சாளுக்கு அனுப்பிவிட்டாள்.

அன்று பின்னேரம் கப்பல் துறைமுகத்தை விட்டு வெளிக்கிட்டபோது அண்ணன் வீட்டார் எல்லாரும் மேல்தளத்தில் நின்று கையசைத்துச் சத்தம் போட்டார்கள். ரிஷிகேசனும் அவர்களோடுதான் நின்றான், ஆனால் நிமிசத்துக்கு ஒருமுறை தொலைபேசியைப் பார்த்தான். கஜந்தியிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இரவுச் சாப்பாட்டு நேரம் சனூஸாவிடமிருந்துதான் ஒரு செய்தி வந்தது. அக்காவோடு ஒரு மணித்தியாலம் கதைத்தேன் என்று மட்டும் எழுதியிருந்தாள். ஒரு மணித்தியாலம் என்ன கதைத்திருப்பார்கள் என்று யோசித்து யோசித்து நிஷாந்தினிக்கு அன்றைக்கு நித்திரை வரப் பிந்திவிட்டது.

காலையில் காங்கேசன்துறையில் கஜந்தி ஏறினாள். ஐம்பது வயது, கட்டையான உருவம், கையில் குடை, தோளில் பெரிய பை. நிஷாந்தினியைக் கட்டிப் பிடித்தாள், யதுஷாவின் கன்னத்தைக் கிள்ளினாள், அண்ணனுக்கும் அண்ணிக்கும் வாழ்த்துச் சொன்னாள். தம்பி முன்னால் வந்து பையை வாங்கக் கைநீட்டியபோது, பையைக் கொடுத்தாள், முகத்தைக் கொடுக்கவில்லை. மதியச் சாப்பாடு வரை அப்படியே போனது. ஒரே மேசையில் அவனுக்கு எதிரே இருந்துகொண்டு, உப்பு வேண்டுமென்றாலும் யதுஷாவிடம் கேட்டு வாங்கினாள்.

நிஷாந்தினியால் பொறுக்க முடியவில்லை. சனூஸாவோடு என்னதான் கதைத்தீர்கள் மச்சாள் என்று கேட்டாள்.

கஜந்தி தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். அந்தப் பிள்ளை நல்ல கதைகாரி என்றாள். தன்னைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்டாளாம். என்ன படிப்பிக்கிறீர்கள், எத்தனை பிள்ளைகள், கறுப்பா வெள்ளையா. சைக்கிளின் இருக்கை அவ்வளவு உயரத்தில் இருந்ததால் கஜந்தி நல்ல நெட்டைப் பெண் என்றுதான் அவர்கள் எல்லாரும் நினைத்திருந்தார்களாம். சனூஸாவுக்குக் கால் எட்டாதாம். இருக்கையைப் பதித்துவிடுங்கள் வாப்பா என்று அழுதும், அந்த மனிதர், உரியவள் வந்து ஏறும்போது அவளுக்குச் சரியாக இருக்கவேண்டும் என்று ஒரு வருடம் அதில் கைவைக்கவே இல்லையாம். அந்தப் பிள்ளை ஒரு வருடம் நின்றுகொண்டே மிதித்திருக்கிறாள்.

மேசையில் இருந்த எல்லாரும் கஜந்தியின் உயரத்தை நினைத்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் முதலில் சிரித்தது என்று தெரியாது.

கஜந்தி மட்டும் சிரிக்காமல், ஏறிய பிறகு முதல்தடவையாகத் தம்பியை நேரே பார்த்தாள்.

“சீட்டை உயர்த்தினது நீதானே?”

“ஓம் அக்கா” என்றான் ரிஷிகேசன்.

“எனக்குச் சொல்லாமலே?”

“ஓம்.”

அவள் அவனை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். டிசம்பர் லீவுக்கு அந்தப் பிள்ளை வாப்பாவையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் வருகிறாள், நீதான் போய் அவர்களை ஏற்றி வரவேண்டும் என்றாள். சொல்லிவிட்டு, மீன்கறித் தட்டை அவன் பக்கம் தள்ளிவிட்டாள்.